கல்வாழை: விதையும் கிழங்கும்

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., தாவரவியல்

முன்னுரை

கும்மிடிப்பூண்டி வண்டியில் நாள்தோறும் கல்லூரிக்கு வந்துபோகும் மாணவ மாணவியர் நம்மில் பலர். கவரைப்பேட்டை, பொன்னேரி, மீஞ்சூர் என்று நிலையங்கள் கடந்து செல்லும்போது பெயர்ப்பலகைக்கு அருகிலோ, தண்ணீர்க் குழாயடியிலோ, அகன்ற இலைகளோடும் சிவப்பு, மஞ்சள் பூக்களோடும் நிற்கும் கல்வாழையைக் காணாதவர் இருக்க முடியாது. ஆயினும் அதனைக் கண்டோம் என்று சொல்லலாமே தவிர, கவனித்தோம் என்று சொல்ல இயலாது. நானும் அப்படித்தான் இருந்தேன்.

2023 டிசம்பர் 3, 4 ஆகிய நாட்களில் மிக்ஜாம் புயல் மழை எங்கள் மாவட்டத்தை வாட்டியது. அப்போது நான் பள்ளி இறுதி வகுப்பில் இருந்தேன். எங்கள் தெருவில் நின்ற வெள்ளம் வடிந்த பிறகும், வீட்டின் பின்புறம் அங்கணத் தண்ணீர் போய்ச் சேரும் பள்ளம் மட்டும் வற்றவேயில்லை. கொசு, நாற்றம், சேறு ஆகிய மூன்றும் அங்கே நிரந்தரமாகக் குடியேறின. அடுத்த ஆண்டு நான் கல்லூரியில் சேர்ந்து தாவரவியல் எடுத்தேன் என்றதும் என் தாயார் கேட்ட முதல் கேள்வி, “செடிகொடிப் படிப்புன்னு சொல்றியே, இந்தப் பள்ளத்துக்கு ஒரு செடி சொல்லு பார்ப்போம்” என்பதுதான். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறியவள் நான் ஒருத்தியே. ஆகவே அந்தக் கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியவில்லை. அதற்கு விடை தேடப் போய்க் கற்றவற்றையே இக்கட்டுரையில் மாணவ நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

பெயரும் குடும்பமும்

கல்வாழையின் தாவரவியல் பெயர் கான்னா இண்டிகா. இப்பெயரை லின்னேயஸ் 1753ஆம் ஆண்டு தமது நூலில் பதிவு செய்தார். ‘இண்டிகா’ என்ற சொல்லைக் கண்டு இது நம் நாட்டுச் செடி என்று எண்ணிவிடக் கூடாது. மேற்கிந்தியத் தீவுகளையும் ‘இந்தியா’ என்ற பெயராலேயே ஐரோப்பியர் குறித்த காலம் அது. கல்வாழையின் தாயகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளே ஆகும். மிளகாயைப் போலவும் பப்பாளியைப் போலவும் கடல் கடந்து வந்து நம் வீட்டுக் கொல்லையில் உரிமையோடு வாழும் செடிகளில் இதுவும் ஒன்று.

இது கான்னேசி என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தில் கான்னா என்ற இந்த ஒரே பேரினம்தான் உண்டு. ஆனால் உறவுமுறை பெரிது. வாழை, இஞ்சி, மஞ்சள், ஏலம், கூவைக்கிழங்கு ஆகியவை அனைத்தும் இதே வரிசையில் வருபவை. மஞ்சள் செடியையும் கல்வாழையையும் இளம் பருவத்தில் அருகருகே வைத்துப் பார்த்தால், சுருண்டு வெளிவரும் குருத்திலையைக் கொண்டே இந்த உறவை அறியலாம்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. மேற்குத் தொடர்ச்சி மலைப் பாறைகளில் தானாக வளரும் ஒரு காட்டு வாழைக்கும் ‘கல்வாழை’ என்றே பெயர். அதன் பெரிய கருவிதைகள் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும். அது என்சீட் சூப்பர்பம் என்னும் வேறு தாவரம். இக்கட்டுரையில் கல்வாழை என்பது பூந்தோட்டத்துக் கல்வாழையை மட்டுமே குறிக்கும்.

பூவின் புதிர்

வகுப்பில் கல்வாழைப் பூவைப் பிரித்துப் பார்க்கச் சொன்ன அன்று எங்களில் பெரும்பாலோர் தவறாகவே வரைந்தோம். பளிச்சென்று தெரியும் பெரிய வண்ண மடல்களை அல்லி இதழ்கள் என்று குறித்தோம். அவை அல்லி இதழ்கள் அல்ல. உண்மையான புல்லி இதழ்கள் மூன்றும் அல்லி இதழ்கள் மூன்றும் சிறியனவாகவும் குறுகியனவாகவும் அடியில் ஒதுங்கி நிற்கின்றன. நம் கண்ணைக் கவரும் மடல்கள் யாவும் இதழாக உருமாறிய மலட்டு மகரந்தத் தாள்கள்! வளமான மகரந்தத் தாள் ஒன்றே ஒன்றுதான். அதிலும் பாதி இதழாகிவிட, மறுபாதியின் ஓரத்தில் ஒற்றை மகரந்த அறை மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சூல்தண்டும் பட்டையாகி இதழ்போலத் தோன்றுகிறது. எந்தப் பக்கமாக வெட்டினாலும் இரு சம பாதிகள் கிடைக்காத பூ இது.

பூவுக்குக் கீழே சொரசொரப்பான முட்டுமுட்டான தோலுடன் மூன்று அறைகள் கொண்ட காய் உருவாகிறது. முற்றும்போது தோல் காய்ந்து காகிதம்போல் கிழிகிறது. உள்ளே பட்டாணி அளவில் உருண்டையான விதைகள் உள்ளன. இளமையில் வெண்மையாக இருக்கும் அவை, பழுப்பாகி, இறுதியில் கருமணியாகின்றன. நம் கதை தொடங்குவது இந்தக் கருமணியில்தான்.

விதையா, கல்லா?

கல்வாழை விதையை நகத்தால் கீறினால் நகம்தான் தேயும். பல்லால் கடித்துப் பார்க்கும் துணிச்சல் எனக்கு வரவில்லை. ஆங்கிலத்தில் இச்செடிக்கு ‘இந்தியத் தோட்டா’ என்று பொருள்படும் பெயர் உண்டு. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது, ஈயக் குண்டு தீர்ந்த வீரர்கள் கல்வாழை விதையைத் துப்பாக்கியில் இட்டுச் சுட்டார்கள் என்று ஒரு கதையும் வழங்குகிறது. கதை எப்படியாயினும், விதையின் கடினம் உண்மை. பல நாடுகளில் இதனைக் கோத்து மாலையாக அணிகின்றனர். ஆப்பிரிக்காவின் சிம்பாப்வே நாட்டில் குடுக்கைக்குள் இவ்விதைகளை இட்டுக் கிலுகிலுப்பை செய்து இசைக்கின்றனர்.

இந்தக் கடினம் எதற்காக? விதையுறையின் வெளிப்பகுதியில் தூண்களை நெருக்கி நிறுத்தியது போன்ற செல் அடுக்கு ஒன்று உள்ளது. அது நீரை உள்ளே விடுவதில்லை. நீர் புகாத வரையில் உள்ளேயிருக்கும் கரு விழிப்பதில்லை. இதனையே விதை உறக்கம் என்கிறோம். கரு உயிரோடுதான் இருக்கிறது, கதவுதான் சாத்தியிருக்கிறது. விதையின் ஒரு பகுதியில் சிறு மூடிபோன்ற அமைப்பு உண்டு. வெயிலின் வெப்பத்தாலோ வேறு காரணத்தாலோ அந்த மூடி தளர்ந்தால் நீர் உள்ளே செல்ல வழி கிடைக்கிறது.

இதனால் செடிக்கு என்ன நன்மை? எல்லா விதைகளும் முதல் மழையிலேயே முளைத்துவிட்டால், அந்த மழை பொய்த்தால் ஒன்றும் மிஞ்சாது. எங்கள் ஊரில் சித்திரையில் இரண்டு நாள் கோடைமழை பெய்துவிட்டுப் பிறகு இரண்டு மாதம் வெயில் கொளுத்துவதை ஆண்டுதோறும் பார்க்கிறோம். அந்த மழையை நம்பி முளைத்த புல்பூண்டுகள் பத்து நாளில் கருகிவிடும். கல்வாழை விதையோ ஒன்று இந்த ஆண்டும், ஒன்று அடுத்த ஆண்டும், மற்றொன்று அதற்கும் பின்னருமாக முளைக்கும். ஒரே மழையில் எல்லாவற்றையும் பணயம் வைக்காத சிக்கனம் இது.

ஆறு நூற்றாண்டு உறக்கம்

இந்த உறக்கம் எவ்வளவு காலம் நீடிக்கும் என்பதற்கு வியப்பூட்டும் சான்று ஒன்று தென்னமெரிக்காவில் கிடைத்தது. அர்ஜென்டினாவின் வடமேற்கே சால்டா மாநிலத்தில் சான்டா ரோசா தெ தஸ்தில் என்ற தொல்லூர் உள்ளது. அங்குள்ள பழங்காலக் கல்லறை ஒன்றில் கொட்டை ஓடுகளால் ஆன கிலுகிலுப்பை மாலை ஒன்று கண்டெடுக்கப்பட்டது. ஒவ்வோர் ஓட்டுக்குள்ளும் ஒரு கல்வாழை விதை ஓசை தருவதற்காக இடப்பட்டிருந்தது. அவற்றுள் ஒரு விதையை முளைக்க வைத்தபோது அது முளைத்தது! இச்செய்தி 1968இல் ‘நேச்சர்’ என்னும் அறிவியல் இதழில் வெளியாயிற்று. பின்னர் கொட்டை ஓட்டின் வயதைக் கதிரியக்கக் கார்பன் முறையால் கணித்து, சுமார் 600 ஆண்டுகள் என்று 1971இல் அதே இதழில் அறிவித்தனர்.

‘விதை பிற்காலத்தில் உள்ளே நுழைந்திருக்கலாமே’ என்று ஐயம் எழுவது இயல்பு. ஓட்டில் விதை நுழையும் அளவுக்குத் துளை இல்லை. கொட்டை பச்சையாக மரத்தில் வளர்ந்துகொண்டிருந்தபோதே விதையை உள்ளே செருகியிருக்க வேண்டும். பிறகு ஓடு வளர்ந்து வாய் மூடிக்கொண்டது என்று ஆய்வாளர்கள் கருதினர். ஆகவே ஓட்டின் வயதே விதையின் வயதும் ஆகும். ஒரு சிறு விதையின் வயதை அளப்பதற்கு அது இருந்த வீட்டின் வயதை அளந்த இந்த முறை என்னை மிகவும் கவர்ந்தது.

நான் செய்த சோதனை

இவையெல்லாம் எனக்குத் தெரியுமுன்பே முதல் விதைப்பை நடத்தி முடித்திருந்தேன். நிலையத்தில் காய்ந்து உதிர்ந்து கிடந்த காய்களைப் பொறுக்கி, விதைகளை எடுத்துவந்து, ஆடி மாதத்தில் மண்சட்டியில் ஊன்றினேன். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்ற பழமொழிப்படி பருவம் சரியே. ஆனால் முப்பது நாள் தண்ணீர் ஊற்றியும் ஒன்றுகூட முளைக்கவில்லை. மண்ணைக் கிளறிப் பார்த்தேன். விதைகள் ஊன்றிய நாளில் இருந்தபடியே பளபளவென்று இருந்தன. என் தாயார், “கல்லை ஊனிட்டுக் காத்துக்கிட்டு இருக்கே” என்று சிரித்தார்.

இதனை எங்கள் பேராசிரியரிடம் சொன்னபோது, “நீ தண்ணீர் ஊற்றியது மண்ணுக்கு, விதைக்கு ஊற்றவில்லையே” என்றார். அந்த ஒரு சொல்லே எனக்கு வழிகாட்டியது. அவர் சொன்னபடி முப்பது விதைகளை மூன்று பங்காகப் பிரித்தேன்.

முதல் பத்தை எதுவும் செய்யாமல் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து விதைத்தேன். இரண்டாம் பத்தின்மேல், அடுப்பிலிருந்து இறக்கிய வெந்நீரை ஊற்றி, அது ஆறும்வரை விட்டு, மறுநாள் விதைத்தேன். மூன்றாம் பத்தை ஒவ்வொன்றாக எடுத்து, கருந்தோலின் ஓரிடத்தில் வெள்ளைப் புள்ளி தெரியும்வரை அரத்தால் தேய்த்து, வெதுவெதுப்பான நீரில் ஓர் இரவு ஊறவைத்தேன். மறுநாள் காலையில் பார்த்தபோதே வேறுபாடு தெரிந்தது. முதல் பத்தில் ஒரு விதையும் பருக்கவில்லை. மூன்றாம் பத்தில் எல்லா விதைகளும் உப்பியிருந்தன.

மூன்று வாரம் கழிந்த பின் கணக்கெடுத்தேன். முதல் சட்டியில் முளைத்தவை எவையும் இல்லை. இரண்டாவதில் இரண்டு. மூன்றாவதில் எட்டு. மீதி இரண்டும் அழுகிவிட்டன. நான் ஆர்வ மிகுதியால் அவற்றை ஆழமாகத் தேய்த்து உள்ளிருந்த மாவுப் பகுதியையே அரித்திருந்தேன். முப்பது விதைகளை வைத்துப் பெரிய முடிவு எதுவும் கூறிவிட முடியாது என்பதை அறிவேன். என்றாலும், கதவைத் திறக்காமல் எத்தனை நாள் தண்ணீர் ஊற்றினாலும் பயனில்லை என்பதையும், கதவைத் திறப்பதாக எண்ணிக்கொண்டு வீட்டையே இடித்துவிடக் கூடாது என்பதையும் இந்த மூன்று சட்டிகள் எனக்குக் கற்பித்தன.

விதைக்கும் முறை

வளர்க்க விரும்பும் நண்பர்களுக்காக முறையை வரிசையாகத் தருகிறேன்.

1. தோல் காய்ந்து வெடித்த காய்களிலிருந்து நன்கு கறுத்த விதைகளையே எடுக்க வேண்டும்.

2. அரம் இல்லாவிட்டால் உப்புத்தாளிலோ, சொரசொரப்பான சிமெண்ட் தரையிலோ தேய்க்கலாம். விதையில் சிறு தழும்பு போன்ற இடம் ஒன்று இருக்கும். அந்த முனையை விட்டுப் பக்கவாட்டில் தேய்ப்பது நல்லது. வெள்ளை நிறம் தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். கத்தியால் வெட்ட முயன்றால் விதை நழுவி விரல்தான் வெட்டுப்படும். ஆய்வுக்கூடங்களில் அடர் கந்தக அமிலத்தில் இட்டு உறையை மெலியச் செய்வதுண்டு. அது வீட்டில் செய்யத் தக்கதன்று.

3. ஓர் இரவு முதல் ஒரு நாள் வரை வெதுவெதுப்பான நீரில் ஊறவைக்க வேண்டும். பருக்காத விதைகளை எடுத்து மீண்டும் சிறிது தேய்த்து ஊறவைக்கலாம்.

4. மணலும் செம்மண்ணும் மக்கிய தொழு உரமும் சம அளவில் கலந்த சட்டியில் ஒரு விரற்கடை ஆழத்தில் ஊன்ற வேண்டும். மண் ஈரமாக இருக்க வேண்டுமே தவிரச் சேறாக இருக்கக் கூடாது.

5. நம் ஊர் வெப்பத்தில் ஒரு வாரம் முதல் இரண்டு வாரத்திற்குள் முளை வெளிவரும். இரண்டு மூன்று இலைகள் வந்தபின் எடுத்து, நல்ல வெயில் படும் இடத்தில், ஒன்றரை அடி முதல் இரண்டு அடி இடைவெளியில் நட வேண்டும்.

6. ஒவ்வொரு தண்டும் ஒரு முறையே பூக்கும். பூத்து ஓய்ந்த தண்டை அடியோடு வெட்டினால் பக்கக் குருத்துகள் விரைந்து வளரும். விதை வேண்டுமானால் ஒன்றிரண்டை மட்டும் காய்க்க விடலாம்.

ஆடியின் இறுதியில் விதைத்த என் செடிகளில் முதல் பூ தை மாதத்தில் வந்தது. பொங்கல் கோலத்தைவிட அந்தச் சிவப்புப் பூவைத்தான் எங்கள் தெருப் பிள்ளைகள் அதிகம் வேடிக்கை பார்த்தனர்.

தாயைப் போலப் பிள்ளை இருக்குமா?

நான் விதை எடுத்த செடி மஞ்சளில் செம்புள்ளிகள் கொண்டது. ஆனால் என் எட்டுச் செடிகளில் பூத்தவை ஒன்றுக்கொன்று வேறுபட்டன. காரணம் எளிது. இன்று தோட்டங்களில் காணும் பெரிய பூக் கல்வாழைகள் பெரும்பாலும் கலப்பினங்கள். பிரெஞ்சு நாட்டவரான தெயோதோர் அன்னே என்பவர் 1848இல் முதல் கலப்பினக் கல்வாழையை உருவாக்கினார் என்று கூறுவர். நம் நாட்டில் கல்கத்தா அலிப்பூரிலுள்ள வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தில் பெர்சி லங்காஸ்டர் புதிய வகைகள் பலவற்றை உருவாக்கிப் புகழ்பெற்றார். லக்னோ தாவரவியல் ஆய்வகத்தில் டி. என். கோஷூவும் அவருடன் பணியாற்றியவர்களும் தோட்டக் கல்வாழைகளின் குரோமோசோம்களை ஆராய்ந்தனர். இயல்பான செடிகளில் 18 குரோமோசோம்கள் உள்ளன. சில தோட்ட வகைகளில் 27 உள்ளன. இந்த மும்மடிய வகைகள் நன்கு பூத்தாலும் விதை வைப்பதில்லை.

ஆகவே, அதே நிறம் அப்படியே வேண்டுமென்றால் கிழங்கைப் பிரித்துத்தான் நட வேண்டும். புதுமையைக் காண வேண்டுமென்றால் விதைக்க வேண்டும். கிழங்கு என்று நாம் வழங்குவது உண்மையில் மட்டநிலத்தண்டு. அதில் இரண்டு மூன்று கணுக்கண்கள் இருக்கும்படி வெட்டி, நான்கு விரல் ஆழத்தில் நட்டால் போதும்.

குளிர் உறக்கமும் கோடை உறக்கமும்

தோட்டக்கலை நூல்களில் கல்வாழை பற்றிப் படித்தால், குளிர்காலத்தில் கிழங்கை எப்படிக் காப்பது என்பதற்கே பல பக்கங்கள் ஒதுக்கியிருப்பதைக் காணலாம். ஐரோப்பா போன்ற இடங்களில் உறைபனி விழுந்து இலைகள் கருகியதும், தண்டை ஒரு சாண் உயரம் விட்டு வெட்டி, கிழங்கைத் தோண்டி, மண்ணை உதறி, சற்றே ஈரப்பதமுள்ள மணலிலோ மக்கிலோ புதைத்து, உறையாத குளிர்ந்த அறையில் வைக்கின்றனர். முற்றிலும் காய்ந்தால் கிழங்கு சுருங்கிச் சாகும். ஈரம் மிகுந்தால் அழுகும். இடையே மாதம் ஒருமுறை எடுத்துப் பார்த்து, அழுகியதை அகற்றி, வசந்தம் வந்ததும் மீண்டும் நடுகின்றனர். நம் மாநிலத்தில் உறைபனி விழும் உதகை போன்ற மலைப்பகுதிகளில் வளர்ப்போருக்கு இம்முறை பயன்படலாம்.

நம் திருவள்ளூர் மாவட்டத்தில் மார்கழிக் குளிர் கல்வாழைக்கு ஒரு பொருட்டே அன்று. அப்படியானால் நமக்கு இந்தப் பாடம் வேண்டாமா? நானும் அப்படித்தான் எண்ணினேன். ஆனால் அக்கினி நட்சத்திரம் வந்தபோது உண்மை விளங்கியது. பள்ளத்தின் ஓரத்தில் அங்கணத் தண்ணீர் கிடைத்த செடிகள் தாக்குப்பிடித்தன. இடமின்மையால் வேலியோரம் நட்டிருந்த மூன்று செடிகளின் இலைகள் ஓரம் கருகி, பிறகு முழுவதும் சருகாயின. எங்களுக்குக் குடிக்கவே குடத்தை வரிசையில் வைத்துத் தண்ணீர் பிடிக்கும் காலம் அது. செடிக்கு எங்கே போவது? “செத்துப்போச்சு, பிடுங்கிப் போடு” என்றார் என் தாயார்.

பிடுங்குவதற்காகத் தோண்டினேன். கிழங்கு கல்லுப்போல் உறுதியாக இருந்தது! நகத்தால் கீறியதும் பால்வெண்மை தெரிந்தது. அப்போதுதான், மேலைநாட்டாருக்குக் குளிர் எதுவோ அதுவே நமக்குக் கோடை என்று புரிந்தது. தண்டைச் சாண் உயரம் விட்டு வெட்டி, கிழங்கை மீண்டும் மண்ணால் மூடி, மேலே வைக்கோலும் உதிர்ந்த இலையும் பரப்பி, வாரம் ஒருமுறை ஒரு செம்புத் தண்ணீர் மட்டும் ஊற்றினேன். ஆடி மழையில் மூன்றில் இரண்டு குருத்து விட்டன.

கிழங்கு எதை உண்டு இந்தக் கோடையைக் கடந்தது? தன்னிடம் சேமித்த மாவைத்தான். ஒரு துண்டை வெட்டி, ஒரு துளி அயோடின் கரைசல் இட்டு, நுண்ணோக்கியில் பாருங்கள். நீலநிற முட்டைகள்போல மாவுத் துகள்கள் தெரியும். தாவர உலகில் காணப்படும் மிகப் பெரிய மாவுத் துகள்களில் இவையும் அடங்கும். அரிசி மாவுத் துகளின் பக்கத்தில் வைத்தால் கடுகின் பக்கத்தில் புளியங்கொட்டை வைத்தாற்போல் இருக்கும். ஆண்டிஸ் மலை மக்கள் இந்தக் கிழங்கை ‘அச்சிரா’ என்ற பெயரில் பன்னெடுங் காலமாக உண்டு வருகின்றனர். வியட்நாமில் இந்த மாவிலிருந்து கண்ணாடிபோன்ற சேமியா செய்கின்றனர்.

ஆக, இச்செடிக்குக் காத்திருக்கும் வழிகள் இரண்டு. விதை கதவைச் சாத்திக்கொண்டு காத்திருக்கிறது. கிழங்கு சேமிப்பைக் கரைத்துக்கொண்டு காத்திருக்கிறது. முன்னது நூற்றாண்டுகளைத் தாங்கும். பின்னது ஒரு பருவத்தைத்தான் தாங்கும். ஆனால் முதல் மழையில் முந்திக்கொண்டு எழும்.

ஐப்பசி, கார்த்திகைப் பெருமழையைப் பற்றியும் ஒரு சொல். தண்டிலும் கிழங்கிலும் காற்று செல்லும் இடைவெளிகள் இருப்பதால் கல்வாழை நீர் தேங்கிய மண்ணிலும் வாழ வல்லது. ஆயினும் மழைக்கு முன் எல்லாத் தண்டுகளையும் அடியோடு வெட்டிவிட்டால், நீருக்குமேல் மூச்சுவிட ஒன்றும் இராது. எனவே வெட்டும் வேலையைக் கோடைக்கு வைத்துக்கொண்டு, மழைக்கு இலையோடு விட்டுவிடுகிறேன்.

அங்கணப் பாத்தியும் ஓர் எச்சரிக்கையும்

இனி, என் தாயார் கேட்ட கேள்விக்கு வருவோம். பாத்திரம் கழுவிய தண்ணீரும் குளித்த தண்ணீரும் ஓடும் இடத்தில் வாழை, சேம்பு, கல்வாழை வைப்பது நம் பெரியோர் வழக்கம். அறிவியலும் அதனை ஆதரிக்கிறது. வேர்களைச் சுற்றி வாழும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள அழுக்கைச் சிதைக்கின்றன. வேர் அவற்றுக்கு இடமும் சிறிது பிராணவாயுவும் தருகிறது. சிதைந்ததில் கிடைக்கும் தழைச்சத்தையும் மணிச்சத்தையும் செடி உண்டு வளர்கிறது. அகன்ற இலைகள் நீரை ஆவியாக்குகின்றன. சரளைக்கல் படுகையில் இத்தகைய செடிகளை வளர்த்துக் கழிவுநீரைத் தூய்மை செய்யும் முறை புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லில் நடைமுறையில் உள்ளது. நாங்களும் பள்ளத்தில் உடைந்த செங்கல்லும் சரளையும் நிரப்பி, மேலே மணல் இட்டுச் செடிகளை நட்டோம். பள்ளத்தில் இப்போது தண்ணீர் வெளியே தெரிவதில்லை, கொசுவும் குறைந்தது.

இதைப் பார்த்த பக்கத்து வீட்டு அத்தை, “நம்ம ஊர் ஓரமா கம்பெனித் தண்ணி வாய்க்கால் போகுதே, அங்கேயும் இதை வச்சா தண்ணி சுத்தமாயிடுமா பாப்பா? இலையை வெட்டி ஆட்டுக்கும் போடலாமில்ல?” என்று கேட்டார். நான் சற்றும் யோசியாமல், “ஆமாம் அத்தை” என்று சொல்லிவிட்டேன். பத்துக் கிழங்குகளையும் வெட்டிக் கொடுத்தேன். கல்லூரியில் படிக்கும் பெண் சொன்னது என்பதால் அவர் மறுகேள்வி கேட்கவில்லை.

மறுநாள் இதைப் பெருமையாகப் பேராசிரியரிடம் கூறினேன். அவர் மகிழவில்லை. “சோற்றுக்கஞ்சி சிதையும், உலோகம் சிதையுமா? தண்ணீரிலிருந்து போனதென்றால் எங்கே போனது?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அன்று மாலை நூலகத்தில் படித்தபோதுதான் உணர்ந்தேன். குரோமியம், ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களைக் கல்வாழை ஓரளவு உறிஞ்சிக்கொள்ளும். பெரும்பகுதி வேரிலும் கிழங்கிலும் தங்கும். ஒரு பகுதி இலைக்கும் செல்லும். செடி அவற்றை அழிப்பதில்லை. தன்னுள் இடம் மாற்றி வைத்துக்கொள்கிறது. அந்த இலையை ஆடு தின்றால் நஞ்சு ஆட்டுக்குள் போகும்; ஆட்டுப்பால் குடிக்கும் பிள்ளைக்கும் போகக்கூடும். அந்த வாய்க்காலில் என்ன கலந்திருக்கிறது என்பதைச் சோதிக்காமல் யாரும் கூற முடியாது. சோதிக்காத நான் ‘சுத்தமாகும்’ என்று சொன்னேனே!

வண்டியைவிட்டு இறங்கியதும் நேரே அத்தை வீட்டுக்குச் சென்றேன். “அத்தை, நான் சொன்னது தப்பு” என்று சொல்வதற்கு நாக்கு எழவில்லை. ஆனாலும் சொன்னேன். அவர் சிறிது நேரம் என்னையே பார்த்துவிட்டு, “படிச்ச பொண்ணுக்கும் தப்பு வருமா?” என்றார். பிறகு என்னோடு வாய்க்கால் கரைக்கு வந்து, நட்டிருந்த பத்துக் கிழங்குகளையும் தாமே பிடுங்கித் தந்தார். அவற்றை அவர் வீட்டு அங்கணப் பள்ளத்தில் இருவருமாக நட்டோம். தொழிற்சாலைக் கழிவுநீரைத் தூய்மை செய்வது அது வெளியேறும் இடத்திலேயே நடக்க வேண்டிய வேலை. அதற்கென 1974ஆம் ஆண்டிலேயே தண்ணீர் மாசு தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. அந்தப் பொறுப்பை ஒரு பூச்செடியின் தலையில் ஏற்றக் கூடாது. அங்கணப் பாத்தியில் வளர்ந்த கிழங்கையும் உணவாகக் கொள்ளக் கூடாது என்பதை நண்பர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

முடிவுரை

கல்வாழை விலை கொடுத்து வாங்க வேண்டிய செடியன்று. ஒரு காய், ஓர் அரம், ஒரு குவளை வெந்நீர், ஓர் இரவுப் பொறுமை இருந்தால் போதும். கோடையில் இலை கருகினால் செத்ததென்று பிடுங்கி எறியாமல், ஒருமுறை தோண்டிப் பாருங்கள்; கிழங்கு உறுதியாக இருந்தால் அது காத்திருக்கிறது என்று பொருள். வீட்டு அங்கணத்திற்கு அது நல்ல தோழி. அதற்கு அப்பால் அதனிடம் எதையும் எதிர்பார்க்குமுன் கேட்டறிந்து, சோதித்தறிந்து சொல்ல வேண்டும். நம்மை நம்பிக் கேட்பவர்களுக்கு நாம் செலுத்தும் மரியாதை அதுவே.

ஆறு நூற்றாண்டு உறங்கிய விதையும் ஒரு துளி நீர் உள்ளே புகுந்ததும் விழித்துக்கொண்டது. எங்கள் வீட்டில் இப்போது ஒரு சிறு டப்பா நிறையக் கல்வாழை விதை இருக்கிறது. விரும்பும் நண்பர்கள் தாவரவியல் துறையில் என்னைக் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம். அரம் மட்டும் அவரவர் கொண்டுவர வேண்டும்!